எத்தனை குதிரை?

மசில் கார்னு பேச்சு எடுத்தாலே நம்மாளுங்க முதல்ல கேக்கறது "எத்தனை குதிரை?"தான். அந்தக் கால அமெரிக்க பிக் பிளாக் எஞ்சின் விஷயத்துல இதை விட உதவாத கேள்வி கிடையாதுங்கறது என் கட்சி.

1970 கணக்கைப் பாருங்க. செவெல் 454 எல்.எஸ்.6-க்கு 450 குதிரை. கிரைஸ்லர் 426 ஹெமிக்கு 425. ப்யூக் 455 ஸ்டேஜ் 1-க்கு வெறும் 360. தாத்தா வண்டின்னு சிரிப்பீங்க. ஆனா டார்க் 510 பவுண்டு-அடி, அதுவும் 2800 சுற்றுலயே! ஹெமிக்கு 490தான், அதுக்கும் 4000 சுத்தணும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் முதுகை சீட்டுல அழுத்தறது இதுதாங்க.

அந்த 360-ஏ குறைச்சுப் போட்ட நம்பர். ஃபோர்டு 428 கோப்ரா ஜெட்டுக்கு 335-ன்னு எழுதினதும் அப்படித்தான். இன்சூரன்ஸ்காரன் கண்ணுல படக்கூடாது, கால் மைல் ரேஸ்ல சின்ன வகுப்புல நுழையணும். (நல்ல பிழைப்பு!)

1972-ல எல்லாம் செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வேற. ஜி.எம். 1971-லயே கம்ப்ரெஷனைக் குறைச்சது நிஜம்தான். ஆனா பாதிச் சாவு பேப்பர்ல. முன்னாடி ஏர் ஃபில்டர், சைலன்சர் இல்லாம எஞ்சினை மட்டும் ஓட்டி அளந்தாங்க. அப்புறம் எல்லாத்தையும் மாட்டி அளந்தாங்க. 1971 கார்வெட் எல்.எஸ்.5-க்கு ரெண்டு கணக்கும் இருக்கு: 365, 285. அந்த எண்பது குதிரை ஓடிப்போகலை, லாயத்துலயே இருந்ததில்லை :)

ஹெமி கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம். டார்க் நம்பரோட வாங்க.