மெஷின் வாங்க முன்னர்



பாரிசவாதம் வந்தவர்களின் கைகால்களை இயங்க வைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறதாம், ஊரால் காசு சேர்த்து வாங்கிவிடுவோம் என்று வட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஓடுகிறது. நிய்யத் நல்லது. ஆனால் அந்த மெஷின் எதையும் இயங்க வைக்காது. முதலில் இதை விளங்கிக்கொள்வோம்.

பயோஃபீட்பேக் என்ற இந்தக் கருவி உடம்புக்குள் கரண்ட் அனுப்புவதில்லை. (கரண்ட் கொடுப்பது வேறு மெஷின். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.) தசை இறுகும்போது அதில் மிகச் சிறிய மின்சமிக்ஞை உண்டாகும். தோலில் ஒட்டும் வில்லைகள் அதைப் பிடித்து, திரையில் கோடாகவோ சத்தமாகவோ காட்டும். அதன் வேலை அவ்வளவுதான்.

அத்தஹிய்யாத்தில் கலிமா விரலை உயர்த்த முடியாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். "உயர்த்துங்க வாப்பா, உயர்த்துங்க" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவரும் முக்கிப் பார்க்கிறார். விரல் அசையவில்லை. பத்து நாளில் அவருக்கும் மனம் விட்டுப்போகும், பிள்ளைகளுக்கும் அலுத்துப்போகும். உண்மையில் முன்கையின் மேற்புறத் தசையில் கொஞ்சம் உயிர்ப்புத் திரும்பியிருக்கலாம். விரலைத் தூக்க அது போதவில்லை. வில்லையை அங்கே ஒட்டினால் கோடு ஏறுவது அவருக்கே தெரியும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று முயல ஒரு காரணம் கிடைக்கும். ஒரு நாளும் கொப்பி திருத்தப்படாத பிள்ளை எத்தனை நாளைக்கு வீட்டுவேலை செய்துகொண்டு வரும்?

சிலர் கையை உயர்த்தச் சொன்னால் தோளைக் காதுவரை தூக்குவார்கள். அவர்களுக்குத் தோள் தசையில் ஒட்டி, கோடு ஏறாமல் கையை உயர்த்தப் பழக்குவார்கள். முழங்கால் ஒப்பரேஷன் செய்தவர்களின் தொடைத் தசைக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசிந்து வுழூ நிற்காமல் தவிக்கும் சகோதரிகளின் இடுப்படித் தசைப் பயிற்சிக்கும் இது பயன்படுகிறது. (வெட்கத்தில் வருடக்கணக்காக மறைக்கும் கஷ்டம் இது. தனியே எழுத வேண்டும்.)

இது புதிய அதிசயமுமல்ல. இப்படிக் கண்ணுக்கும் காதுக்கும் காட்டினால், ஒரே ஒரு நரம்பணுவையும் அது இயக்கும் தசைநார்களையும்கூட மனிதர் விரும்பியபடி இயக்கப் பழகலாம் என்று கனடாவின் ஜோன் பஸ்மாஜியன் 1963இலேயே காட்டினார். ஆனால் பாரிசவாத நோயாளிகள் 269 பேரைக் கொண்ட 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வில், வழக்கமான பிசியோதெரபியைவிடக் கூடுதல் பலன் இருப்பதாக உறுதியாகவில்லை. சில ஆய்வுகளில் நன்மை தெரிந்தது. ஆனால் அவை சிறியவை, குறைபாடுகளும் உள்ளவை.

ஆகவே ஊர்ப் பணத்தை முதலில் மெஷினில் போடுவது சரியல்ல. அரச வைத்தியசாலையில் பிசியோதெரபி இலவசம். அப்படியிருந்தும் எமது ஆட்கள் மூன்று நாலு தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். ஏன்? மகன் கட்டாரில், மருமகன் கடையில். வீட்டிலிருக்கும் உம்மாவால் வாப்பாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்ற முடியுமா? போய்வரும் காசு வேறு. அதற்குள் ஒருவர் வந்து எண்ணெய் பூசினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் நாம் சக்கர நாற்காலி கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். நாற்காலி தேவையானவர்கள் இருக்கிறார்கள்தான். பயிற்சியைத் தொடர்ந்திருந்தால் எழும்பி நடந்திருக்கக்கூடியவரையும் அதில் உட்கார்த்திவிடுகிறோம் என்பதுதான் கவலை.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் "இது எங்களுக்கு வேண்டும், நாங்கள் பயன்படுத்துவோம்" என்று கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுப்போம். பாவிக்கத் தெரிந்த ஆளில்லாமல் பள்ளிவாசல் அலுமாரியில் பூட்டிவைக்க வேண்டாம்.

இப்போதைக்கு, கிளினிக் நாட்களில் நோயாளிகளை ஏற்றி இறக்க ஓர் ஓட்டோவும் கைகொடுக்க இரண்டு வாலிபர்களும் போதும். மாதச் செலவைப் பொறுப்பெடுக்க முடிந்தவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நில்லுங்கள், நிர்வாகத்தோடு பேசுவோம். உங்கள் பக்கத்தில் கிளினிக் போகாமல் நின்றுபோனவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு விபரத்தை இன்பொக்ஸில் அனுப்புங்கள். கொமண்டில் யாருடைய பெயரையும் போட வேண்டாம்.