பிறந்த மண்ணில் அந்நியரா?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர்க்கு இலங்கை இன்று எந்த நாடு? தாய்நாடு என்கிறது நெஞ்சம். வெளிநாடு என்கிறது சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, தன் விருப்பத்தோடு பிறிதொரு நாட்டின் பிரஜையாகுபவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். அத்தகையவர் இங்கு விலைகொடுத்துக் காணி வாங்குவதை, காணிப் பராதீனத்தைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

அந்நியர் கையில் மண் போகலாகாது என்னும் கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. நிலத்தை இழந்த இனத்துக்கு அதன் அருமை தெரியும். எமது வினா வேறு. யார் அந்நியர்?

இந்த மண்ணோடு எவ்வித உறவுமில்லாத ஒரு செல்வந்தர், குறித்த நிபந்தனைகளுக்கமைய வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்து கொழும்பிலே கடல் பார்த்த மாடிமனையொன்றை வாங்கலாம்; வாடகைக்கு விட்டு வருவாய் பெறலாம். வேண்டுமாயின் 99 ஆண்டுவரை நிலத்தைக் குத்தகைக்கும் எடுக்கலாம். ஆனால் சுன்னாகத்திற் பிறந்து, 1983இல் உயிர்தப்பி ஓடிப் பிரித்தானியப் பிரஜையான ஒருவர், தமக்கையின் பங்குக் காணியை விலைகொடுத்து வாங்க முடியாது! பங்காளிக்கே முதலுரிமை என்று வகுத்த தேசவழமை வழங்கும் மண்ணில் இஃது என்ன நீதி?

இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதே என்பர். ஆம், அதைப் பெற்றவருக்குத் தடையில்லை. ஆனால் அஃது உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று. நாட்டுக்கு நன்மையென அமைச்சர் திருப்தியுற்றால் வழங்கும் சலுகை. வீட்டுக்காரன் தன் வாசலில் நின்று உள்ளே வர உத்தரவு கேட்பதா?

அரசை இடித்துரைப்பதோடு எமது கடமை முடியவில்லை. மைத்துனர் பெயரிலும் மாமனார் பெயரிலும் உறுதி முடித்து, வெள்ளவத்தையில் வீடும் கிளிநொச்சியில் வயலும் வாங்கி, வாடகையையும் குத்தகையையும் எண்ணிக்கொண்டிருப்போர் எம்மவரிற் பலர். வாய்ச்சொல் போதும் என்று நம்புகின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட உறுதியையே கேட்கிறது. உறுதியில் எவர் பெயரோ, காணி அவரதென்றே நீதிமன்றம் தொடக்கத்திற் கொள்ளும். உறவு கசந்தபின் எம்மை நாடி வருவோருக்கு நாம் கூறக்கூடிய ஆறுதல் சொற்பமே. மறைவாக மீறிய சட்டத்திடமே அவர் எங்ஙனம் துணை கேட்பார்?

முதுசமாகக் காணி பெற்றவர்க்குச் சட்டம் விலக்களித்துள்ளது. எனினும் அவரும் உறங்கலாகாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரியவரின் உரித்துக்கு மாறாகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் அக்காணிக்கு உரித்துக் கோரலாம். போரினால் தம் உரிமையைக் காக்க இயலாது போனவர்க்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அக்கணக்கிலிருந்து நீக்கியது. அதற்குப் பின் கழிந்த ஆண்டுகள் பத்துக்கும் மேல்!

பற்றை மண்டிய தோட்டக்காணிக்குப் பக்கத்திலேயே, குத்தகைக்கு நிலம் தேடி அலைகிறான் எம் விவசாயி. வெளிநாட்டுப் பணம் ஏற்றிவிட்ட விலையோடு அவன் போட்டியிட முடியுமா? உழுபவனுக்கு எழுத்திலே குத்தகை கொடுங்கள். அவன் அடுப்பும் எரியும். உங்கள் உரித்துக்கும் அவ்வெழுத்தே சாட்சியாகும்.

நாம் கேட்பது இதுவே: இம்மண்ணிற் பிறந்தவருக்கும் அவர்தம் மக்களுக்கும், அமைச்சரின் தயவை வேண்டாது, 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலே விலக்கு வேண்டும். வாங்கும் விளைநிலத்தைத் தரிசாக விடாமை அவ்வுரிமையோடு வரும் கடமையாகட்டும். பாராளுமன்றத்தில் எமது பிரதிநிதிகள் இதற்குக் குரல் கொடுப்பார்களா? வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது, வடக்கு கிழக்கு மக்களே, இதனைக் கேளுங்கள்!