கோடையில் இரண்டு மாதம்: மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளை ஆய்வுக்கும் அனுப்புவோம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாக்கள் கலகலப்பாகிவிடுகின்றன. பள்ளிவாசல்களில் தீனிய்யாத் வகுப்புகள் தொடங்குகின்றன. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வந்த தந்தையரைக் காண்கிறோம். நிக்காஹ் விருந்துகளும் உறவினர் சந்திப்புகளும் நாட்களை நிறைத்துவிடுகின்றன. அதே நாட்களில், மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் மகனோ மகளோ, "இந்த விடுமுறையில் கல்லூரியிலேயே தங்கி ஓர் ஆய்வு செய்யலாம் என்றிருக்கிறேன்" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? "ஆய்வெல்லாம் எதற்கு? படிப்பை முடித்து டாக்டராகி வந்தால் போதாதா?" என்பதே பெரும்பாலும் நம் பதிலாக இருக்கிறது. அந்தப் பதிலைச் சற்று மறுபரிசீலனை செய்வோம் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டு முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்காகக் குறுகிய கால ஆய்வு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். பயில்வோர் தம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். அது தேர்வானால், கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இரண்டு மாத காலம் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே சான்றிதழும் ஊக்கத்தொகையும் கிடைக்கும். குழந்தை மருத்துவத்தில் நாட்டமுள்ள மாணவர் தம் கல்லூரியின் குழந்தைகள் நலத் துறைப் பேராசிரியரை அணுகினால் அத்துறையிலேயே ஆய்வு செய்யலாம்.

இதற்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூர்க் கல்லூரியும் ஒன்று. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய்ப்பு நம் வாசலுக்கு அருகில்தான் இருக்கிறது.

ஆய்வினால் என்ன பயன் என்று கேட்போருக்கு வேலூரைச் சான்றாகக் காட்டலாம். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குறித்து மெக்சிகோவில் செய்யப்பட்ட ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது. இரண்டு முறை தொற்று கண்டு தேறிய குழந்தைக்கு அதன்பின் கடுமையான பாதிப்பு வருவதில்லை என்பது அதன் முடிவு. நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் அது பொருந்துமா? வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை அறிய விரும்பினர். அந்நகரின் ஏழை மக்கள் வாழும் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை அவர்கள் தொடர்ந்து கண்காணித்தனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு வீடாகச் சென்றனர். மூன்றாண்டுக் கண்காணிப்பை நிறைவு செய்த குழந்தைகள் 373 பேர். 2011-இல் வெளிவந்த முடிவு மெக்சிகோ முடிவிலிருந்து வேறுபட்டது. வேலூர்க் குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் தொற்று வந்தது. மூன்று முறை தொற்று கண்ட பின்னும் பாதுகாப்பு முழுமையாகவில்லை.

வெளிநாட்டுக் குழந்தையிடம் கண்ட உண்மை நம் குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட இயலாது என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது. இப்பணியில் முன்னின்ற பேராசிரியர் ககன்தீப் காங் 2019-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2017 முதல் தமிழகத்தில் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. இன்று நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஆறு வாரக் குழந்தையின் வாயில் விடப்படும் அந்தச் சொட்டு மருந்துக்குப் பின்னால், எத்தனையோ வீடுகளின் கதவைத் தட்டியவர்களின் பொறுமை இருக்கிறது.

மார்க்கக் கல்வி பயின்றோருக்கு இந்த முறை அந்நியமானதன்று. ஒரு ஹதீஸ் நம்மிடம் வந்தால் அதன் வாசகத்தை மட்டும் பார்த்து நாம் ஏற்றுக்கொள்வதில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையவை என்று அறிவிப்பாளர் தொடரை அலசுகிறோம். இமாம்கள் ஒரு செய்தியைச் சரிபார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். தெளிவான அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் குர்ஆன் எச்சரிக்கிறது. சான்றைத் தேடி, சான்றின் தரத்தை எடைபோட்டு, அதன் எல்லைக்குள் நின்று பேசும் பழக்கத்தையே ஆய்வுப் பயிற்சியும் கற்பிக்கிறது.

இந்தப் பழக்கம் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதை 2017-இல் கண்டோம். அவ்வாண்டு பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகமெங்கும் தொடங்கியது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பெற்றோர் பலர் அஞ்சித் தயங்கினர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கும் நூலை எழுதியவர் சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அர்-ராஸீ என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அதே தட்டம்மைக்கான ஊசி நம் தெருவுக்கு வரும்போது, யார் எழுதியதென்றே தெரியாத செய்தியை நம்பலாமா?

மறுபக்கமும் உண்டு. தஹ்னீக் எனும் நபிவழியை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று செய்திகள் சுற்றுகின்றன. 2013-இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வொன்றை அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்த பச்சிளங்குழந்தைகளின் கன்னத்தின் உட்புறத்தில் சர்க்கரைக் கூழைத் தடவிய மருத்துவமனை ஆய்வு அது. அதில் பேரீச்சம்பழமும் இல்லை, தஹ்னீக்கும் இல்லை. சுன்னத்தை நாம் நேசிப்பது அது சுன்னத் என்பதால். ஓர் ஆய்வு சொல்லாததை அதன் பெயரால் சொல்வது, நல்ல நோக்கத்தோடு சொன்னாலும், உண்மைக்கு மாறானதே. இவ்வேறுபாட்டை நம் சமுதாயத்துக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல, ஆய்வு என்றால் என்னவென்று அறிந்த மருத்துவர்கள் நம்மிடையே வேண்டும்.

நம் மண்ணில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எத்தனையோ உள்ளன. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த அரியலூர்ப் பகுதிக் கிராமங்களில் குழந்தைகளின் இருமலும் இளைப்பும் எவ்வாறு உள்ளன? பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோள, சின்ன வெங்காய வயல்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடிகிறதா? நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் பிறவிக் குறைபாடுகள் பற்றி எந்த அளவு விழிப்புணர்வு உள்ளது? இரண்டு மாதத்தில் ஒரு மாணவரால் இவற்றுக்கு முழு விடை காண இயலாது. ஆனால் ஒரு மருத்துவமனையில், ஒரு கிராமத்தில், ஒரு சிறு பகுதியையேனும் நேர்மையாகக் கணக்கெடுக்க இயலும்.

நேர்மை என்பதை அழுத்திச் சொல்கிறோம். குழந்தைகளை ஆய்வில் சேர்ப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். ஏழு வயதைக் கடந்த பிள்ளையிடம் அதன் இசைவையும் கேட்க வேண்டும் என்பது விதி. ஒரு தாய் தன் குழந்தையைப் பற்றிச் சொல்லும் விவரம் அமானிதம். காணாத நோயாளியைக் கண்டதாக எழுதுவதும் பிறர் எழுத்தைத் தனதாக்குவதும் மோசடி. சான்றிதழுக்காக மட்டும் பெயரளவில் ஆய்வு செய்வோர் இருக்கவே செய்கிறார்கள். அத்தகைய ஆய்வைச் செய்வதைவிட விடுமுறையில் வீட்டுக்கு வந்துவிடுவதே மேல்.

பெற்றோரின் தயக்கங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. இரண்டாண்டுக்கொருமுறை ஊர் வரும் தந்தைக்கு மகளோடு கழிக்கும் ஒரு மாதம் எவ்வளவு அரிது என்பதை அறிவோம். பெண் பிள்ளை விடுதியில் தனித்திருப்பது குறித்த கவலையும் நியாயமானதே. ஆனால் தன் கல்லூரியில், தன் பேராசிரியையின் வழிகாட்டுதலில் செய்யும் பணி இது. வழிகாட்டியை நேரில் சந்தித்து, வேலை நேரத்தையும் பாதுகாப்பையும் கேட்டறிந்து முடிவு செய்யலாம். நம் தாய்மார்கள் மனம்விட்டுப் பேசுவது பெண் மருத்துவரிடம்தான். குழந்தையின் நோயைப் பற்றிய பாதிச் செய்தி தாயின் வாயிலாகவே கிடைக்கிறது. ஆகவே இத்துறையில் நம் பெண் பிள்ளைகளின் தேவை கூடுதலானது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று எண்ணுகிறார்கள். தம் காலத்தவர் ஃபிக்ஹு விவாதங்களில் முண்டியடித்துக்கொண்டு மருத்துவத்தைக் கைவிட்டதையும் கண்டிக்கிறார்கள். சமுதாயத்தில் சிலர் செய்தால் அனைவரின் கடமையும் நீங்கும். எவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். மருத்துவத்துக்கே அந்த நிலை என்றால், அதன் வேராகிய ஆய்வை எவரோ செய்யட்டும் என்று விட்டுவிடுவது எப்படித் தகும்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. கோடைக்கால தீனிய்யாத் வகுப்பில் ஒரு நாள், மேல்நிலை மாணவ மாணவியரை அமர்த்தி, மருத்துவம் பயிலும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரை ஆய்வு பற்றிப் பேசச் சொல்லுங்கள். எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காதோரும் மனம் தளர வேண்டாம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து, அறிவியல் மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. இவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒருவர் ஏற்றாலே போதும். பைத்துல்மாலிலிருந்து பயணச் செலவுக்குச் சிறிது உதவினால் அதுவும் நற்கூலிக்குரிய செயலே.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது இறைமறை தரும் போதனை. ஓர் உயிரைக் காக்கும் மருத்துவர்களை உருவாக்க ஆசைப்படுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல ஆசை. தாம் ஒருபோதும் பார்க்கப்போகாத குழந்தைகளின் உயிரையும் காக்கும் அறிவைத் தேடுவோராகவும் அவர்கள் வளரட்டும். அதற்குத் தேவையான பொறுமையைப் பிள்ளைகளுக்கும், பரந்த மனத்தைப் பெற்றோருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.