பில் யார் பக்கம் வருகிறது?

நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து வெளியே போய்ச் சாப்பிட்டால் அதற்கு உடனே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது: கிட்டி பார்ட்டி. ஆண்கள் ஐந்து பேர் போனால் அது வெறும் சாப்பாடு. எங்கள் படத்தைப் பார்த்த முற்போக்கு இலக்கிய நண்பர் ஒருவர், "பெண்ணியம் இப்போ ஏசி ரூம்ல தாய் கறி சாப்பிடுது" என்றாராம். என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் முடிந்திருக்கும். சொல்லாததால் எழுத வேண்டியிருக்கிறது.

விலை அதிகம் என்பது உண்மைதான். சென்னையில் அப்படியொரு தாய்லாந்து உணவகத்தில் ஒரு கிண்ணம் பச்சைக் கறிக்குக் கொடுக்கும் பணத்தில், எங்கள் கல்லூரி கேன்டீனில் ஒரு மாணவி பத்து நாள் மதியம் சாப்பிட்டுவிடலாம். இதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த விலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நண்பர் தினமும் மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்கிறார். ஒரு டீ, ஒரு மணி நேரம், நாட்டின் அரசியல் முழுவதும். அவர் கொடுக்கும் காசு டீக்குத்தான். உட்காரும் இடத்துக்கு இல்லை. அதே பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல அடிக்கடி ரோட்டைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் போனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' புத்தகம் பேசுவது இதைத்தான்: வேலை எதுவும் இல்லாமல் பொது இடத்தில் சும்மா இருக்கும் உரிமை.

ஊர்ப்பக்கத்து ஓட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு தடுப்பு இருக்கும். குடும்பத்தோடு வந்த பெண் அதற்குள் போகலாம். தோழிகளோடு வந்தவளை எங்கே உட்கார வைப்பதென்று சர்வருக்குத் தெரியாது. ஆக, நாங்கள் கொடுத்த பணத்தில் பாதிதான் கறிக்கு. மீதி, யாரும் முறைக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்கு. ஆண்களுக்குச் சும்மா கிடைப்பதை நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம். வாடகை கொடுக்க முடியாத பெண்ணுக்கு அதுவும் இல்லை. நண்பருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது.

அன்று விருந்து கொடுத்தவள் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்திருந்தாள். எங்கள் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவரையும் அழைத்திருந்தாள் (படம் எடுத்தவர் அவர்; அதனால்தான் படத்தில் இல்லை). தாய்லாந்துச் சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது, எல்லாக் கிண்ணங்களும் ஒன்றாக மேசையின் நடுவில் வந்துவிடும் வழக்கம். சோறு அவரவர் தட்டில். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். கரண்டியோடு ஒருத்தி நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை. அரத்தையும் எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலுமாக ஒரு சூப் வந்தது. சுடச்சுடக் குடித்தோம். "கல்யாணத்துக்கு அப்புறம் சூடா எதையாவது சாப்பிட்டது இப்பதான்டி" என்று ஒருத்தி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது. தோசை மாவு ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள்.

பில் வந்தது. அட்டையை நேராக அந்த நண்பர் முன்னால் வைத்தான் அந்தப் பையன். ஆர்டர் கொடுத்தது, பரிமாறும் விதத்தைக் கேட்டது, தண்ணீர் கேட்டது எல்லாமே அவள். நண்பர் கூச்சத்தோடு அட்டையை அவள் பக்கம் தள்ளினார். கார்டை வாங்கிய பையன் நன்றி சொன்னது மறுபடியும் அவரிடம்தான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை; அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

உலகம் முழுக்க உயர்தர உணவகங்களின் நாகரிகம் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 1980இல் கேத்லீன் பிக் என்பவர் தன் தொழில் கூட்டாளியை விருந்துக்கு அழைத்துப் போனார். கூட்டாளி ஆண் என்பதால் விலை போட்ட மெனு அவருக்கு. பணம் கட்டப்போகிற இவருக்கு விலை இல்லாத மெனு. வழக்கறிஞர் குளோரியா ஆல்ரெட் மூலம் வழக்குப் போட்ட பிறகு உணவகம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இதே வேலைக்காகப் பெரு நாட்டில் லிமா நகரத்து உணவகம் ஒன்றுக்கு அபராதம் விதித்தது 2019இல்தான்.

தமிழில் 'தாய் உணவகம்' என்று எழுதினால் அம்மாவின் கடை போலத் தோன்றும். எட்டிப் பார்த்தால் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். தாய்லாந்தின் வசதியான குடும்பங்களில், ஒருவர் இறந்தால் தகனத்தின்போது நினைவு நூல் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இறந்த பெண்ணின் சமையல் குறிப்புகளை அதில் சேர்ப்பார்கள். அந்த நூல்களைத் தேடிப் படித்து, வயதான பெண்களிடம் கேட்டுக் கற்று, லண்டனில் 2001இல் உணவகம் திறந்து மிஷலின் நட்சத்திரம் வாங்கியவர் ஆஸ்திரேலியரான டேவிட் தாம்ப்சன். கடன்பட்டிருப்பதை அவரே வெளிப்படையாகச் சொல்பவர். அவரோடு எனக்குச் சண்டையில்லை. குறிப்பை எழுதியவள் செத்த பிறகுதான் அச்சேறினாள் என்பதில்தான் சண்டை. விதிவிலக்கும் உண்டு. பாங்காக் தெருவோரத்தில் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜெய் ஃபாய், அந்த நகரத்துக்கான முதல் மிஷலின் கையேட்டிலேயே, 2018இல், நட்சத்திரம் பெற்றார். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார்.

நம் பாடத்திட்டத்துக்கு வருகிறேன். விருந்தினரைப் பேணுவதை மனைவியின் மாண்புகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் கற்பியலில் வைக்கிறது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய தலைவி, புகை கண்ணில் ஏறத் தயிரைப் பிசைந்து குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். இவள் முகம் மலர்கிறது. வகுப்பில் இதை இல்லறத்தின் இனிமை என்று நடத்துகிறோம். மதுரையில் கண்ணகி வாழைக்குருத்தை விரித்துக் கோவலனுக்குப் பரிமாறுகிறாள், வெற்றிலை கொடுக்கிறாள். அவள் சாப்பிட்டாளா? இளங்கோ சொல்லவில்லை. இத்தனை உரை எழுதியவர்களில் யாராவது கேட்டிருக்கக் கூடாதா?

ஒருத்தி மட்டும் சாப்பிட்டாள். புறநானூற்று ஔவை. அதியமான் இறந்தபோது அவள் நினைத்து அழுதது அவன் வீரத்தை மட்டுமல்ல: கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தான் பாடப்பாடச் சேர்ந்து குடிப்பான் என்பதை. கறியுள்ள எலும்பைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுத்தவன் அவன். சபையில் ஆணுக்குச் சமமாக உட்கார்ந்து உண்டு குடித்த பெண். அவளை என்ன செய்தோம்? பின்னாளில் அதே பெயரில் எழுதிய நீதிப் புலவரோடு சேர்த்துக் குழைத்து, கையில் தடி கொடுத்து, தலையை நரைக்கவைத்து, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டியாக்கி அச்சடித்துவிட்டோம். கிழவியானால்தான் அவள் பசி நமக்குப் பயமில்லாமல் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் கல்லூரி வாசல் டீக்கடைக்குப் போகிறோம். பஜ்ஜியும் சொல்வதாக இருக்கிறோம். நண்பர் வழக்கமாக உட்காரும் பெஞ்ச் அதுதான். கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும்.