தோற்றவர்களுக்குப் பென்ஷன், உழைத்தவர்களுக்குச் சிறை

தோழர்களே, ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்குவோம்.

உங்கள் கணவர் பெயர் என்ன? எந்தப் படைப்பிரிவில் இருந்தார்? எந்த ஆண்டு சேர்ந்தார்? காயம் பட்டாரா? உங்கள் திருமணம் எங்கே, எப்போது நடந்தது? அவர் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டீர்களா? உங்களிடம் என்ன சொத்து இருக்கிறது? அவரோடு போரில் நின்றவர்கள் யாராவது சாட்சி சொல்வார்களா?

இப்படிக் கேள்வி கேட்கும் பழைய படிவங்கள் அமெரிக்காவின் தென்மாநில ஆவணக் காப்பகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நிரப்பியவர்கள் கான்ஃபெடரேட் சிப்பாய்களின் விதவைகள். பெரும்பாலும் ஏழைகள், வயதானவர்கள். எழுத்தறியாத பலர் பெயருக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் முதியோர் பென்ஷனுக்குக் கைநாட்டு வைக்கிற பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறியின் வலி புரியும். அந்தக் கிழவியின் தட்டில் விழுந்த ரொட்டியை நாங்கள் பிடுங்க வரவில்லை. அந்த ரொட்டிக்குக் காசு கொடுத்தது யார், அதே காசைக் கேட்டபோது விரட்டப்பட்டது யார் என்பதைத்தான் கேட்க வருகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகப் பதினொரு தென்மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து கான்ஃபெடரேட் கூட்டமைப்பை அமைத்தன. 1861இல் போர் தொடங்கியது. 1865இல் அவர்கள் தோற்றார்கள். வென்ற வடக்கின் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் ஒன்றிய அரசு பென்ஷன் கொடுத்தது. தோற்றவர்களுக்கு இல்லை. கலகத்துக்காக வாங்கிய கடன் எதையும் அரசு அடைக்காது, விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்காக எவருக்கும் இழப்பீடு தராது என்று 1868இல் வந்த 14ஆவது சட்டத்திருத்தமே சொல்லிவிட்டது.

ஆகவே தென்மாநிலங்கள் தங்கள் சொந்தக் கஜானாவைத் திறந்தன. வடக்கு கரோலினாவும் ஃபுளோரிடாவும் 1885இல் பென்ஷன் சட்டம் போட்டன. மிசிசிப்பியும் வர்ஜீனியாவும் 1888இல். லூசியானா 1898இல். டெக்சாஸ் 1899இல். இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறித்ததும் இதே ஆண்டுகளில்தான். மிசிசிப்பி 1890இல் புதிய அரசமைப்பு எழுதி அதைச் செய்தது. பென்ஷன் கொடுத்த அதே 1898இல் லூசியானாவும் செய்தது. அதற்கு முன் அங்கே 1,30,000க்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1900இல் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்.

ஆக, வாக்குப் பறிக்கப்பட்ட மக்கள் கட்டிய வரியும் சேர்ந்துதான், அவர்களை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்டவனின் விதவைக்குப் போனது. அலபாமாவில் இந்தப் பென்ஷனுக்கென்றே தனியாகச் சொத்து வரி போட்டார்கள். 1901இல் எழுதிய அரசமைப்பிலேயே அதற்கு இடம் வைத்தார்கள். பென்ஷன் வாங்கியவர்கள் செத்துப் போனார்கள், வரி சாகவில்லை. அந்த வரியின் ஒரு பங்கு 21ஆம் நூற்றாண்டிலும் கான்ஃபெடரேட் நினைவுப் பூங்கா ஒன்றைப் பராமரிக்கப் போனது. அந்த மாநிலத்தில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். தங்கள் பாட்டன் பூட்டனை விலங்கிட்டவர்களின் நினைவிடத்துக்கு அவர்களும் சேர்ந்து வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"பெரும்பாலான கான்ஃபெடரேட் சிப்பாய்களிடம் ஒரு அடிமைகூட இல்லையே, அவர்களும் ஏழைகள்தானே?" என்று ஒரு கேள்வி வரும். வரட்டும், நியாயமான கேள்வி. ஏழைகள்தான். பண்ணையாருக்காகச் செத்த ஏழைகள். ஆனால் அந்த விதவை வெறும் ஏழை என்பதற்காக மட்டும் பென்ஷன் வாங்கவில்லை. கணவர் படையை விட்டு ஓடிவிடவில்லை, கடைசிவரை விசுவாசமாக நின்றார் என்று நிரூபித்தால்தான் பணம். "இந்தப் போர் அநியாயம்" என்று துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்தவனின் மனைவியும் ஏழைதான். அவளுக்கு இல்லை. வறுமைக்கான உதவி என்ற பெயரில் அவர்கள் வாங்கியது விசுவாசச் சான்றிதழ். ஏழை வெள்ளையரைப் பக்கத்து வயலில் குனிந்து நிற்கும் ஏழைக் கறுப்பரோடு சேரவிடாமல் பிரித்து வைக்க ஆதிக்கம் கொடுத்த கூலிகளில் இதுவும் ஒன்று. சாதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த நமக்கு இதைப் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு படிவமும் இருந்தது. போர்முனைக்கு எஜமானர்கள் தங்களோடு அடிமைகளையும் இழுத்துப் போனார்கள். சமைக்க, துவைக்க, குதிரையைப் பார்த்துக்கொள்ள, காயம் பட்டால் தூக்கிச் சுமக்க. மிசிசிப்பி 1888லேயே இவர்களைப் பென்ஷனில் சேர்த்தது. டென்னசி 1921இல், தென் கரோலினா 1923இல், வர்ஜீனியா 1924இல், வடக்கு கரோலினா 1927இல். போர் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகி, பெரும்பாலானவர்கள் மண்ணுக்குள் போன பிறகு! அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: உன் எஜமானின் பெயர் என்ன? விடுதலை பெற்று அறுபது ஆண்டுகள் கழித்து, எண்பது வயதுக் கிழவர் ஒருவர் அரிசி பருப்புக்காகத் தன் ஆண்டையின் பெயரைத் தானே எழுத வேண்டும். இன்று இதே படிவங்களைக் காட்டி, "பார், கறுப்பர்களும் கான்ஃபெடரேட் சிப்பாய்களாகப் போரிட்டார்கள்" என்று கதை விடுகிற கூட்டம் இருக்கிறது. கறுப்பரைச் சிப்பாயாகச் சேர்க்க அந்தக் கூட்டமைப்பு சட்டம் போட்டதே 1865 மார்ச்சில், தோற்பதற்குச் சில வாரங்கள் முன்பு. அதுவரை அவர்கள் சிப்பாய்கள் இல்லை, சுமை தூக்கிகள். படிவமே அவர்களை வேலைக்காரர் என்றுதான் அழைத்தது.

வென்ற பக்கத்தில் மட்டும் நீதி வாழ்ந்ததா? சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் வடக்கின் படையில் போரிட்டார்கள். அவர்களுடைய விதவைகளுக்குப் பென்ஷன் உரிமை சட்டத்தில் இருந்தது. ஆனால் அடிமைகளின் திருமணத்தைத் தென்னகத்தில் எந்தச் சட்டமும் பதிந்ததில்லை. சான்றிதழுக்கு எங்கே போவது? விசாரணை அதிகாரிகள் தெருத்தெருவாகப் போய் அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இவள் யாரோடு வாழ்கிறாள், இந்தக் குழந்தை யாருடையது என்று துருவினார்கள். 1882இல் வந்த சட்டம், திருமணமின்றி இன்னொருவரோடு சேர்ந்து வாழும் விதவையின் பென்ஷனை நிறுத்தச் சொன்னது. காகிதம் இல்லாத வாழ்க்கை வாழும்படி விதிக்கப்பட்ட பெண்களிடம், காகிதம் எங்கே என்று கேட்டார்கள்.

ஹாரியட் டப்மனை நீங்கள் அறிவீர்கள். தானே தப்பி வந்து, மறுபடி மறுபடி தெற்கே போய் அடிமைகளை மீட்டு வந்தவர். போரில் ஒற்றராகவும் வழிகாட்டியாகவும் செவிலியாகவும் வேலை செய்தவர். அவருக்கு 1895இல் கிடைத்த பென்ஷன் மாதம் 8 டாலர். எதற்காக? ஒரு சிப்பாயின் விதவை என்பதற்காக! 1899இல் அதை 20 டாலராக உயர்த்தியபோது அரசு ஒப்புக்கொண்டது அவருடைய செவிலிப் பணியை மட்டும். எதிரியின் எல்லைக்குள் புகுந்து உளவு பார்த்ததற்குக் கணக்கில் இடமில்லை.

இனி, நாங்கள் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்த பெண்ணுக்கு வருவோம். காலி ஹவுஸ். 1861இல் டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர். விதவை. ஐந்து பிள்ளைகள். ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்தவர். "சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டென்றால், கூலியே இல்லாமல் வாழ்நாள் முழுக்க உழைத்த அடிமைக்கு ஏன் கிடையாது?" என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். 1890களின் கடைசியில் ஐசையா டிக்கர்சனோடு சேர்ந்து, முன்னாள் அடிமைகளுக்குப் பென்ஷன் கேட்கும் சங்கம் ஒன்றை நாஷ்வில் நகரத்தில் கட்டினார். மாதச் சந்தா பத்து சென்ட். அந்தப் பணத்தில் நோயாளிகளுக்கு உதவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள், பென்ஷன் மசோதாவுக்காக மனுப் போட்டார்கள். ஊர் ஊராகக் கிளைகள் பரவின.

அதே நாஷ்வில்லில்தான் 1894இல் கான்ஃபெடரேட் மகள்கள் சங்கமும் தொடங்கியது. தென்னகமெங்கும் சிலைகளை நட்டதும், பள்ளிப் புத்தகங்களில் அடிமை முறையை அன்பான குடும்ப உறவு போல எழுத வைத்ததும் அவர்கள்தான். ஒரே ஊரில் இரண்டு பெண்கள் சங்கத்தைக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி அடிமை முறைக்காகச் செத்தவனுக்குச் சிலை கேட்கிறாள். இன்னொருத்தி அடிமையாக உழைத்தவளுக்குக் கூலி கேட்கிறாள். அரசு யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும்?

1899லேயே தபால் துறை காலி ஹவுஸின் சங்கத்துக்கு வரும் அஞ்சலை முடக்கியது. அவர் அசரவில்லை. 1915இல் அவருடைய இயக்கம் நீதிமன்றம் போனது. அடிமைகள் விளைவித்த பருத்தியின் மீது அரசு வசூலித்த வரி சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலர், அது எங்கள் உழைப்பு, எங்களுக்குத் தா என்றது அந்த வழக்கு. அரசின் அனுமதியில்லாமல் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று தள்ளுபடி செய்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மீது குற்றச்சாட்டு. தபால் வழியாக மோசடி! அரசு தரவே போகாத பென்ஷனைக் கிடைக்கும் என்று சொல்லி மக்களிடம் காசு வாங்கினாராம். இந்தத் தர்க்கத்தை நின்று படியுங்கள். நாங்கள் உனக்கு நீதி தரப்போவதில்லை, அது ஊரறிந்த விஷயம், ஆகவே நீதி கிடைக்கும் என்று நீ சொன்னால் அது மோசடி. 1917இல் வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை. மிசௌரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டி சிறையில் அடைத்தார்கள். 1928இல் காலி ஹவுஸ் இறந்தார். ஒரு சென்ட்கூட வரவில்லை.

கதை இங்கே முடியவில்லை. 1958 மே மாதம் அமெரிக்க ஒன்றிய அரசே ஒரு சட்டம் போட்டது: கான்ஃபெடரேட் வீரர்களின் விதவைகளுக்கும் இனி ஒன்றியப் பென்ஷன் உண்டு. அந்த அரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்கள் அவர்கள். அதே மே மாதத்தில்தான் லிட்டில் ராக் பள்ளியிலிருந்து முதல் கறுப்பின மாணவர் எர்னஸ்ட் கிரீன் பட்டம் பெற்று வெளியே வந்தார். அவர் பள்ளிக்குள் நுழைவதற்கே ராணுவம் வர வேண்டியிருந்தது. கலகக்காரனின் விதவையை மன்னிக்கத் தொண்ணூறு ஆண்டுகள் போதுமாக இருந்தன. அடிமையின் பேரன் வகுப்பறைக்குள் நுழைய அது போதவில்லை.

1996இல் அலபாமா மாநிலம் அல்பெர்டா மார்ட்டின் என்ற மூதாட்டிக்குக் கான்ஃபெடரேட் விதவைப் பென்ஷன் கொடுத்தது. 1927இல், தன் இருபதுகளின் தொடக்கத்தில், எண்பதைத் தாண்டிய முன்னாள் சிப்பாயைக் கட்டிக்கொண்டவர். வறுமை அப்படி. கணவர் இறந்த பின் மறுமணமும் செய்துகொண்டார். நல்லது, பெரியார் பேசிய மண்ணிலிருந்து அதற்கு வாழ்த்துத்தான் சொல்லுவோம். ஆனால் கறுப்பின விதவையின் வீட்டுக்குள் யார் வந்து போகிறார்கள் என்று எட்டிப் பார்த்த நாடு, இவரிடம் எதையும் துருவவில்லை. கான்ஃபெடரேட் பெருமை பேசும் அமைப்புகள் அவரை மேடை மேடையாக அழைத்துப் போய்க் கொண்டாடின. 2004இல் அவர் இறந்தபோது பழைய சீருடை அணிந்தவர்கள் ஊர்வலம் போனார்கள்.

விண்ணப்பம் போட்ட எந்த விதவையும் இந்தக் கணக்கை எழுதவில்லை. எழுதியது அரசு. பென்ஷன் என்பது, "நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்" என்று அரசு போடுகிற கையெழுத்து. 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள். அதை வாங்கியது எஜமானர்கள். அன்று தொடங்கிய கணக்கு அது. பறித்தவனுக்கு நட்டம் என்று எழுதினார்கள். பறிகொடுத்தவனுக்கு வரவு எழுத ஏடே இல்லை என்றார்கள்.

இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். நம் முன்னோடிகள் இந்தக் கணக்கேட்டைக் கவனமாகப் படித்தவர்கள். நாமும் படிப்போம்.

நாளை ஒரு முதியவருக்கு நீங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உட்காரும்போது, படிவம் கேட்கிற கேள்விகளை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அது யாரிடம் சான்றிதழ் கேட்கிறது, யாரிடம் கேட்கவே இல்லை என்று பாருங்கள். அதில் இல்லாத கேள்வி எது என்றும் பாருங்கள். துவைத்துக் காய்ந்த கைகளோடு காலி ஹவுஸ் கேட்டது அப்படிப்பட்ட கேள்விதான்: எங்கள் கூலி எங்கே? அதைக் கேட்பது மோசடி என்றார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆகவே கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்!