தளரும்போது பருகும் தசை

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் தம் நெஞ்சகத்தே எழுப்பிய ஆலயத்தை அறியாத அடியவர் இலர். அதே நெஞ்சகத்தில் அமைந்த தசைக்கோயிலாகிய இதயத்தின் அமைப்பை அறிந்தோர் சிலரே.

மூடிய கைப்பிடி அளவுள்ள இதயத்தின் எடை ஏறத்தாழ 300 கிராம். மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு. வலப்பக்கம் உடலைச் சுற்றிவந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் பிராணவாயு பெற்றுத் திரும்பும் இரத்தத்தை மகாதமனி வழியே உடலெங்கும் செலுத்துகிறது. இடையிலுள்ள நான்கு வால்வுகளும் ஒருவழிக் கதவுகள். இரத்தம் இவ்வாறு சுற்றி வருவதை 1628ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி நூலாக எழுதி நிறுவினார்.

இதயம் ஓய்வே அறியாதது என்பர். அது முழு உண்மையன்று. நிமிடத்துக்கு 75 முறை துடித்தால், ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் கீழறைகள் சுருங்குவது சுமார் 0.3 வினாடி; எஞ்சிய 0.5 வினாடியும் தளர்ச்சியே.

நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம் தன்னூடே பாய்ந்தாலும், இதயத் தசை தன் தேவைக்கு அதனை நேரே எடுத்துக்கொள்வதில்லை. நாள்தோறும் இலட்சங்களை எண்ணும் வங்கிக் காசாளர் தம் ஊதியத்தை அப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்வதுண்டா? மகாதமனியின் அடியில் கிளைக்கும் இரண்டு கரோனரி தமனிகளே இதயத்துக்கு உணவூட்டுகின்றன. சுருங்கும்போது தசை அக்குழாய்களை நெரித்துவிடும். ஆதலால் இடக் கீழறைத் தசைக்குரிய இரத்தத்தின் பெரும்பகுதி தளரும் அந்த அரை வினாடியில்தான் பாய்கிறது.

மலைக்கோயில் படியேறும்போது துடிப்பு 120 ஆனால், ஒரு துடிப்புக்குக் கிடைப்பதே அரை வினாடி. அப்போது பெரிதும் குறைவது ஓய்வு நேரமே. தேவை கூடுகிறது, பருகும் வேளை சுருங்குகிறது. கரோனரி தமனியில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால், நடு மார்பில் பாரம் தோன்றும். சற்று அமர்ந்தால் நீங்கும். இதனை வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு மறுபடியும் படியேறும் பெரியவர்கள் பலர். நீங்கிவிட்டாலும் அது மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய செய்தி.

அமர்ந்த பின்னும் பாரம் நீங்காமல், வியர்வை பெருகி, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், தரிசனத்தை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். நீரிழிவு உள்ள முதியோர்க்கு வலியே இன்றி, மூச்சுவாங்குதலும் அசதியும் மட்டுமே தோன்றுவதும் உண்டு.