தமுக்கத்துப் புழுதி

மதுரையில் ஐம்பது வயதைத் தாண்டிய கனவான்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும். வெயிலைப் பற்றி இரண்டு நிமிஷம், மாப்பிள்ளைமாரைப் பற்றி ஐந்து நிமிஷம், அதன் பிறகு சித்திரைப் பொருட்காட்சிப் புராணம் தொடங்கிவிடும். "அந்தக் காலத்துத் தமுக்கம் மாதிரி வருமா?" என்பது பல்லவி. ராட்சச ராட்டினம், மரணக் கிணறு, டில்லி அப்பளம் என்று சரணங்கள் வரிசையாக வரும். முடிவில் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சின் மீதுதான் என் வழக்கு.

பொருட்காட்சி நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எது நன்றாக இருந்தது என்பதில் இவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். டில்லி அப்பளம் ஒன்றும் தேவாமிர்தம் அல்ல. முகத்தை மறைக்கிற அளவு அப்பளத்தில் மிளகாய்ப்பொடியைத் தூவிக் கொடுத்தார்கள். தமுக்கத்துப் புழுதி அதன் மேல் இலவசமாக விழுந்தது. இன்றைக்கும் திருவிழாக் கடைகளில் அது கிடைக்கத்தான் செய்கிறது. மரணக் கிணற்றைப் பற்றியோ பேசவே வேண்டாம். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே, நாம் நீட்டிய ரூபாய் நோட்டைப் பறித்துப் போனானே ஒரு பையன், அவன் விழுந்தால் அவன் குடும்பத்துக்கு யார் ஜவாப் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? பாம்பு உடலும் பெண் தலையுமாக ஒருத்தி நாள் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்தாளே, அவள் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்?

நன்றாக இருந்தது அங்கே கூடிய ஜனம். அழகர் முன்பு தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தாம் அதை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்று சொல்வார்கள். அப்படிச் சேர்த்ததன் பலன், சுற்று வட்டாரமே சித்திரையில் மதுரைக்குள் வந்து இறங்கியது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் என்று எல்லாப் பக்கத்துச் சம்சாரிகளும் வந்தார்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்த கால்களுக்குத் தமுக்கம் நாலு எட்டு நடைதானே? சோற்று மூட்டையும் பிள்ளைகளுமாக உள்ளே நுழைந்தார்கள். வேளாண்மைத் துறை அரங்கில் பம்புசெட்டைத் தொட்டுத் தடவி, மாடு வாங்குகிறவர் பல் பார்ப்பது போலப் பார்த்தார் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார் வக்கீல் வீட்டு அம்மாள். அந்த அம்மாளின் பட்டுப் புடவையை ஒரு கிராமத்துச் சிறுமி மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அம்மாள் புடவையை இழுத்துக்கொள்ளவில்லை. நெரிசலில் இழுத்துக்கொள்ள இடமும் இல்லை!

இப்படிப்பட்ட இடம் எப்படிப் போயிற்று? பக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனை 1959-லிருந்து காந்தி மியூசியமாக இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷமே. மைதானத்தின் கதை வேறு. 'ஸ்மார்ட் சிட்டி' திட்டம் வந்தது, மாநாட்டு மண்டபம் எழும்பியது, 2022-ல் திறந்தார்கள். குளுகுளு மண்டபம். புத்தகக் கண்காட்சியும் அதில் நடந்திருக்கிறது. புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் அந்தக் கூரையைப் பழித்தால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மண்டபத்துக்குள் போக ஒரு காரணம் வேண்டும். அதை வாடகைக்கு எடுக்க ஒருவர் வேண்டும். மைதானத்துக்கு இரண்டும் வேண்டாம்.

அந்த மண்ணில் அஸ்திவாரம் தோண்டியபோது நம் கனவான்கள் எங்கே போயிருந்தார்கள்? அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், ஐயா! வீட்டில் டெலிவிஷனும் வாசலில் காரும் வந்ததும், "அங்கே ஒரே கூட்டம், குழந்தைக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது" என்று தமுக்கத்தைத் தாங்களாகவே கைவிட்டார்கள். குழந்தைகளைப் பரவை 'அதிசயம்' பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அது குற்றம் இல்லை. குழந்தைகள் தண்ணீரில் சறுக்கிச் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கைவிட்டவரே ஒப்பாரி வைப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வரவேண்டும். வருஷக்கணக்காக வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கிடந்த குளம் அது. சில வருஷங்களாக வைகைத் தண்ணீரைப் பனையூர்க் கால்வாய் வழியே கொண்டுவந்து நிரப்புகிறார்கள். மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் ஆடுகிறது. சுற்றுச் சுவர் நெடுகிலும் ஜனம். சுண்டல், வேகவைத்த சோளம், பலூன், பஜ்ஜி, பருத்திப்பால். டிக்கெட் கிடையாது. கிழவியும் காதல் ஜோடியும் கைக்குழந்தையும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் பெருமூச்சு விடுகிற தமுக்கம் இடம் மாறி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அதே சுவரோரம் நின்று, "இந்தத் தள்ளுவண்டிகளையெல்லாம் அப்புறப்படுத்தினால்தான் ஊர் உருப்படும்" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் டில்லி அப்பளத்தை நினைத்துக் கண் கலங்கியவரும் அவரேதான்! பழைய கூட்டம் இவர் காலை மிதிக்காது. இவர் கார் நிற்க வேண்டிய இடத்தில் பஜ்ஜியும் போடாது. ஆகையால் அதன் மேல் அன்பு பொங்குகிறது.

பெருமூச்சு விடுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன உபகாரம். தெப்பக்குளத்துத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு நிற்க ஓர் இடம், குடிதண்ணீர்க் குழாய், வந்துபோகும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை என்று கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.